காகத்தை மூன்று தடவை வாங்கியவன்

“ஒண்ணு, நெய்யூர் ஆஸ்பத்திரியில முப்பத்திரெண்டு நாள் கெடந்து எழும்பின காய்ச்சல். ரெண்டு, நீயாக்கும். மூணு, கொளச்சல்ல ஒரு கூட சாள. நாலு, மோட்டார் பஸ்ஸு. அஞ்சு, காக்கா.”

காளையை வண்டியில் பூட்டும்போது ஆபேல் தான் ஜெயித்தவற்றை இப்படி எண்ணிச் சொல்வான். காலையில் மற்றவர்கள் பல் தேய்ப்பதைப்போல இது அவனுக்கு ஒரு வழக்கம். கேட்பது காளை மட்டுந்தான். இரண்டாவது எண் வரும்போது அது ஒரு காதை ஆட்டும்.

ஒவ்வொன்றும் ஜெயிக்க முடியாதது என்று ஊர் தீர்மானித்த பிறகு ஜெயித்ததுதான். காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில்காரர் அவனுடைய துவர்த்துத் துண்டைத் தனக்கென்று சொல்லி வைத்திருந்தார். முப்பத்துமூன்றாம் நாள் ஆபேல் அதே துவர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். காளை சந்தையில் படுத்தது எழுந்திருக்கவில்லை. விற்க வந்தவர் கயிற்றை மட்டும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். ஆபேல் காதில் கூப்பிட்டான், எழுந்தது. ஆகவே, வேதத்தில் கூப்பிட்டதும் கல்லறையிலிருந்து எழுந்து வந்தவனுடைய பெயரான லாசர்தான் அதற்கும். கூப்பிடுவதற்கு முன்னால் மூன்று பானை கஞ்சித்தண்ணீர் கொடுத்ததை அவன் சொல்வதில்லை. குளச்சல் கடற்கரையில் மீன் ஏலத்தின் ஓரத்தில் நின்று தும்மினான். ஏலக்காரர் தும்மலை ஏலக் கேள்வியாக எடுத்துக்கொண்டு ஒரு கூடைச் சாளையை அவன் தலையில் கட்டினார். அன்றைக்கு அதன்பிறகு வள்ளம் ஒன்றும் கரைக்கு வராததால் அதே கூடை மத்தியானம் இரட்டை விலைக்குப் போயிற்று. தக்கலைப் பக்கத்தில் லாசர் ஒரு மோட்டார் பஸ்ஸை முந்தியது. பஸ் டயர் வெடித்து ஓரமாக நின்றது என்று யாராவது நினைவூட்டினால், “முந்திச்சா இல்லியா, அத மட்டும் சொல்லும் ஓய்” என்பான்.

ஐந்தாவதுதான் பெரியது. அதை முழுவதும் அறிந்தவள் அவனுடைய அக்காள் நேசபாய்.

நேசபாய் அவனைவிட ஆறு வயது மூத்தவள். நாலாம் வகுப்புவரை படித்தவள். மிஷன் வீட்டுக்கு லேஸ் பின்னிக் கொடுக்கிறாள். ஓர் இழை தவறினாலும் முழுப் பூவையும் அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுகிற கை. கணவர் இறந்த பிறகு தம்பி வீட்டுக்கு வந்தவள், வந்த அன்றே அந்த வீட்டில் எல்லாம் பாதியில் நிற்பதைக் கண்டாள். கிழக்குச் சுவர் இடுப்பளவு. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் பிறை நிலா அளவு. வண்டிக்கு ஒற்றைக் காளை. மீசையில்கூட இடது பக்கம் மட்டும் ஒழுங்காகக் கத்தரித்திருக்கும். வலது பக்கத்துக்கு வருமுன் யாராவது கூப்பிட்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்தை அரிச்சுவடியின் நடுவில் விட்டவன். அக்காள் சிலேட்டை வாங்கிவந்து அவன் பெயரைச் சொல்லிக்கொடுத்தபோதும், இரண்டு எழுத்தோடு எழுந்து போய்விட்டான்.

“மூணே எழுத்துலே. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. உக்காரு.”

“பெருவெரல் இருக்குல்லா எக்கா. அது என்னத்துக்கு இருக்கு பின்னே?”

குலசேகரத்திலிருந்து ரப்பர் ஷீட்டு ஏற்றிக் குளச்சலில் இறக்கி, அங்கிருந்து கருவாடு ஏற்றித் திரும்புவது அவன் தொழில். போகும்போது ஒரு நாற்றம், வரும்போது ஒரு நாற்றம். இரண்டு பக்கமும் பெருவிரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் வைப்பான். அந்த ஊதா மை நாலு நாளைக்குப் போகாது. சோறு பிசைந்தால் நேசபாய் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பறவை வந்தது இந்த வண்டிப் பாதையில்தான். ஒரு சீமைச் சிகரெட்டுப் பெட்டிக்குள் விரல் நீளத்தில் ஓர் அட்டை இருந்தது. அதில் வர்ணப் படமாக ஒரு பறவை. கீழே மூலையில் எண். மொத்தம் ஐம்பது பறவைகள் என்று குளச்சல் சாலையில் கடை வைத்திருக்கிற வைகுண்டராஜன் சொன்னார். ஆபேலுக்கு எழுத்துத் தெரியாதே தவிர எண் தெரியும். மைல்கல்லைப் பார்த்துப் பார்த்து வந்த படிப்பு அது. புகை பிடிக்காத, பிடிப்பவர் பக்கத்தில் நின்றாலே இருமுகிற அந்த மனிதன் முதல் அட்டையை மடியில் செருகியபோது, “அம்பதும் சேத்துப்போடணும். ஒண்ணாவது முழுசா இருக்கட்டு” என்று சொன்னானாம். நேசபாய் இதைக் கேட்டுத் தையல் ஊசியைக் கீழே வைத்தாள். தம்பி வாயிலிருந்து ‘முழுசா’ என்ற சொல்லை அவள் அதுவரை கேட்டதில்லை.

தோட்டத்துத் துரைமார் போகிற வழியிலும், ஆஸ்பத்திரி மதில் ஓரத்திலும், துறைமுகத்திலும் காலிப் பெட்டிகள் கிடக்கும். ஆபேல் வண்டியை நிறுத்தி நிறுத்திக் குனிந்ததில், மூன்றே மாதத்தில் லாசர் தானே நிற்கக் கற்றுக்கொண்டது. வெள்ளையாக எது கிடந்தாலும் நிற்கும். முட்டை ஓட்டுக்கு நிற்கும். ஒரு தடவை வெள்ளைக் கால்சராய் அணிந்த ஒரு கணக்கப்பிள்ளை சாலையோரம் உட்கார்ந்திருந்ததற்கு நின்று, அவர் எழுந்து போகும்வரை நகரவில்லை.

முப்பது பறவைகள் சும்மா கிடைத்தன. அதற்குமேல் கிடைத்தவை விலைக்குத்தான். நேசபாய் லேஸ் மாதிரிகள் வரைந்து வைக்கும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொன்றையும் கிடைத்த வரிசையில் எழுதி வைத்திருக்கிறாள்: முப்பத்தோராவது, மீன்கொத்தி, ஒரு பூசணிக்காய்க்கு. முப்பத்தாறாவது, கொக்கு, புதுக் குடைக்கு. கொடுத்த அன்றே மழை. நாற்பத்திரண்டாவது, ஆந்தை, முட்டையிடும் கோழிக்கு. நாற்பத்தைந்தாவது, மயில்; இதற்கு வைகுண்டராஜனின் கடைக்கு எட்டு நாள் தண்ணீர் சுமந்தான்.

“ஒரு மயிலுக்காக எட்டு நாளு. நெசமான மயிலே மருந்துவாழ் மலைப் பக்கம் சும்மா திரியுதே ஓய்,” என்று வைகுண்டராஜனே சொல்லிப் பார்த்தார்.

“அதுல நம்பரு போட்டிருக்கா?” என்று கேட்டுவிட்டு ஆபேல் குடத்தைத் தூக்கினான்.

நாற்பத்தொன்பதாவதுக்கு ஒரு முழுப் பெட்டி சிகரெட்டே வாங்கினான். பறவை கிடைத்துவிட்டது, பத்துச் சிகரெட்டையும் என்ன செய்வது? வீணாக்கவும் மனமில்லை, பிறருக்குக் கொடுத்துக் கெடுக்கவும் மனமில்லை. வயல் காவல் பொம்மையின் வாயில் ஒன்றைச் செருகினான். நனைந்து உதிர்ந்தால் அடுத்தது. வைக்கோல் துரை பத்து நாள் நின்று புகைக்கிற தோரணையில் இருந்தார். சபையின் புகையிலை ஒழிப்புச் சங்கத்துக்குச் செயலாளரான டீக்கன் யேசுரத்தினம் அந்த வழியாகப் போனவர், பொம்மையின் பேரில் சங்கத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்.

பாக்கி ஒன்றே ஒன்று: மூலையில் முப்பத்தேழு என்று எண் போட்ட அட்டை. ஒன்றரை வருடம் அது கண்ணில் படவில்லை. என்ன பறவை என்றுகூட யாருக்கும் தெரியாது. ஆபேல் அதை அன்னம் என்று நினைத்தான். சில நாள் நெருப்புக்கோழி என்று நினைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் டீக்கனாருக்குப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தான். டீக்கனார் வேதப்புத்தகத்தைத் திறந்தார். பக்க அடையாளமாக வைத்திருந்த அட்டை வெளியே நீண்டது. கறுப்பாக, சாதாரணமாக, தினம் கூரையில் வந்து கத்துகிற அதே காகம். மூலையில் முப்பத்தேழு. எல்லாரும் ஜெபத்துக்குத் தலை குனிந்தபோது ஆபேல் ஒருவன் மட்டும் எழுந்து நின்றான். பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்த நேசபாய்க்கு அவன் முகத்தைக் கண்டதுமே எண் தெரிந்துவிட்டது.

டீக்கனார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஜெபித்துவிட்டு வரும்போது வராந்தாவில் அது அவர் காலடியில் கிடந்ததாம். வேதத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு ஆகாரம் கொண்டுவந்த காகம் என்றே எண்ணிப் பத்திரப்படுத்தினார். பின்னால் இருந்த இங்கிலீஷ் அச்சு அவருக்கு வாசிக்க வராது. அதன்மேல் ஒரு வசனத் துண்டை ஒட்டிவிட்டார். அது சிகரெட்டுப் பெட்டியிலிருந்து விழுந்தது என்று தெரிந்தால் அந்த நிமிஷமே அடுப்பில் போட்டிருப்பார். ஆகவே ஆபேல் உண்மையையும் சொல்லக்கூடாது, காகத்தையும் கேட்க வேண்டும். வீட்டுப் பலாவில் பழுத்த ஒரு சக்கைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான்.

“என்ன ஆபேலு, சக்கப்பழமெல்லாம்?”

“சும்மாதான் டீக்கனாரே. ஒங்களுக்க காக்காய ஒருக்கா பாத்துட்டுப் போலாம்னு.”

“எனக்க காக்காயா?”

“எலியாவுக்க காக்கா. ஒங்க வேதப்புத்தகத்துல இருக்குல்லா. அதக் கண்ட நாள்ல இருந்து எனக்கு ஒறக்கம் இல்ல.”

இது முழு உண்மை. டீக்கனாரின் கண் கலங்கிவிட்டது. சபைக்கு வந்தால் தூணில் சாய்ந்து தூங்குகிறவன் என்று அவர் இத்தனை வருடமாக எண்ணியிருந்த வண்டிக்காரன் இவன்.

“மக்கா, அத நான் சும்மா தரப்பிடாது. அறுப்புப் பண்டிகைக்குப் படைச்சிருதேன். ஏலத்துல எடுத்துக்கோ. அதாக்கும் நியாயம்.”

வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட ஆபேல் ஒன்பது ரூபாய் வைத்திருந்தான். பழைய பட்டை கழன்று, சக்கரத்தைக் கயிற்றால் வரிந்து கட்டி ஓட்டிக்கொண்டிருந்த காலம். பண்டிகைக்கு மறுநாள், திங்கட்கிழமை, அந்த ஒன்பது ரூபாயையும் மடியில் முடிந்துகொண்டு கோயிலுக்குப் போனான். “ஒரு காக்காதானே எக்கா. எட்டுச் சக்கரத்துல முடிஞ்சுபோவும்” என்றான். இருபத்தெட்டுச் சக்கரக் காசு சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். பட்டைக்குப் பழுதில்லை என்று அவன் கணக்கு.

அந்தச் சபையின் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்தவர் பொருளைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினால், அதைக் கர்த்தருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று பொருள். காசும் சபைக்கு, பொருளும் சபைக்கு, மறுபடி ஏலம். அன்று காலையில் ஓர் எலுமிச்சம்பழம் நாலு கை மாறி நாலு தடவையும் மேசைக்கே திரும்பியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் தூக்காமல் மேசையண்டை வந்து புத்தகத்தில் ஒப்பமிட வேண்டும். சபையில் எல்லாரும் அறிந்த இந்த வழக்கம் ஆபேலுக்குத் தெரியாது. வருடந்தோறும் நெல்மூட்டையை இறக்கிவிட்டு லாசருக்குக் காவலாக வெளியிலேயே நின்றுவிடுகிறவன் அவன்.

சந்தையில் வாழைக்குலை ஏலம் போடுகிற தேவகுமார்தான் இங்கும் ஏலக்காரர். காகத்தை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார்.

“நாலு சக்கரம்,” என்றான் ஆபேல். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் அவனுக்குப் பொறுக்கவில்லை. “எட்டு,” என்றான். பிறகு, “பதினாலு.”

“எடே, ஒனக்கு எதிராளி எவன்?” என்று தேவகுமார் கேட்டார்.

“வருவான். அதுக்கு முந்தி ஒரு ரூவா.”

ஒரு ரூபாய்க்குத் தன்னையே தோற்கடித்து ஆபேல் காகத்தை எடுத்தான். ஒன்றரை வருடத்துத் தாகம். பெண்கள் பக்கம் திரும்பி, அக்காள் பார்க்கட்டும் என்று அட்டையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான்.

சபை ஒரே குரலாக ஸ்தோத்திரம் சொன்னது. தேவகுமார் அவன் கையிலிருந்து காகத்தை உருவி மேசையில் வைத்தார். “கொள்ளாம் மக்கா, நல்ல மனசு. காக்கா ரெண்டாந் தடவ. கேக்கியவங்க கேளுங்க.”

ஆபேலின் கை தலைக்குமேலேயே நின்றது. பக்கத்தில் இருந்தவர் காதில் விஷயத்தைச் சொல்லி அதைக் கீழே இறக்கினார்.

ஒருவன் ரூபாய் கொடுத்துத் திருப்பியும் கொடுத்த காகம் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று இப்போது சபைக்குத் தோன்றிவிட்டது. கோழி வளர்க்கிற பூங்கனி எழுந்தாள். “எனக்க கோழிக்குஞ்சையெல்லாம் காக்கா கொண்டுபோவுது. இத கூட்டுல தொங்கப் போட்டா அதுவ பயப்படும்லா. ஒண்ணேகால் ரூவா.” ஆபேல் ஏறினான். பூங்கனியும் ஏறினாள். இரண்டேகாலில் அவள், “அதுக்கு ரெண்டு குஞ்சு போனாலும் போவட்டு” என்று உட்கார்ந்தாள். இரண்டரை ரூபாய்க்குக் காகம் ஆபேலுடையது.

இம்முறை தூக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முழங்கையை விலாவில் இடுக்கிக்கொண்டு மேசையை நோக்கி நடந்தான். “பைய வா, பைய,” என்று நேசபாய் தனக்குள் சொல்லிக்கொண்டாள். வழியில் புது நெற்கதிர்க் கட்டு. அதன் தூசி. ஆபேல் நின்றான். மூக்கு சுருங்கியது. குளச்சலில் ஒரு கூடைச் சாளையை வாங்கின அந்தத் தும்மல் புறப்பட்டு வந்தது. ஒன்றரை வருடம் தேடிய பறவையின்மேல் தும்முவதற்கு மனம் வருமா? எச்சில் படாமல் காப்பாற்ற அட்டையைச் சட்டென்று உயரத் தூக்கிவிட்டுத் தும்மினான்.

சபை முன்னைவிட உரக்க ஸ்தோத்திரம் சொன்னது. பூங்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“காக்கா மூணாந் தடவ,” என்றார் தேவகுமார். வாழைக்குலை ஏலத்தில் இப்படிப்பட்ட மனிதனை அவர் கண்டதில்லை.

அப்போது மேசைக்குப் பின்னாலிருந்து டீக்கனாரே எழுந்தார். “நான் குடுத்ததுதான். ஆனா இம்புட்டு வேண்டப்பட்டது எனக்க கையில இருந்திருக்கேன்னு இப்பத்தான் தெரியுது. மூணு ரூவா.”

இரண்டு கொள்முதலிலும் மூன்றரை ரூபாய் போயிற்று. ஆபேல் மடியில் மீதி ஐந்தரை. இது சபையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் மடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்றவள் பாயின் கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வண்டிப் பட்டை நினைவுக்கு வந்தது. பிறகு இடுப்பளவுச் சுவர் நினைவுக்கு வந்தது. இதுவும் நாற்பத்தொன்பதில் நின்றுவிட்டால் அவன் இனி எதையும் தொடங்கவே மாட்டான் என்று தோன்றியது.

“மூணரை.” “நாலு.” “நாலரை.” டீக்கனார், “அஞ்சு” என்றார்.

“அஞ்சர,” என்றான் ஆபேல். சொல்லிவிட்டு மடியை அவிழ்த்து மேசைமேல் உதறினான். இனிமேல் கேட்பதற்கு அவனிடம் ஒரு சக்கரமும் இல்லை என்பதை எல்லாரும் பார்த்தார்கள்.

“ஒரு தரம்,” என்றார் தேவகுமார். டீக்கனார் தம் வேதப்புத்தகத்தைப் பார்த்தார். அடையாளம் இல்லாமல் அது அவருக்கு அந்நியமாகத் தெரிந்திருக்க வேண்டும். “ரெண்டு தரம்.” டீக்கனார் வாயைத் திறந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி ஒரே ஒரு தடவை இருமினார். டீக்கனார் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

“மூணு தரம்.”

ஆபேல் காகத்தை வாங்கியதும் இரண்டு வாலிபர்கள் இரு பக்கமும் வந்து அவன் முழங்கைகளைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அவனே கேட்டுக்கொண்ட ஏற்பாடு அது. மூவருமாக மேசைக்கு வந்தார்கள். டீக்கனார் புத்தகத்தைத் திருப்பி வைத்து, வழக்கம்போல ஊதா மைப்பெட்டியைத் தள்ளினார். “வெரல வையி மக்கா.”

ஆபேல் மைப்பெட்டியைப் பார்த்தான். தன் பெருவிரலைப் பார்த்தான். அன்றைக்கென்று புளி போட்டுத் தேய்த்து வெளுத்திருந்த விரல். பிறகு அட்டையைப் பார்த்தான்.

“இன்னைக்கு வீட்டுல போயி அம்பதையும் அடுக்கணும் டீக்கனாரே. மை வெரலோட தொட முடியாது,” என்றான். மைப்பெட்டியை அவர் பக்கமே தள்ளினான். “பேனா உண்டா?”

நேசபாய் பாயிலிருந்து எழுந்துவிட்டாள். தேவகுமார் அடுத்த பூசணிக்காயைக் கையில் ஏந்தியபடியே காத்திருந்தார். ஆபேல் இடது கையால் காகத்தை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, நாக்கை வெளியே நீட்டி, குனிந்து முதல் எழுத்தை வரைந்தான். இரண்டாவதை வரைந்தான். அங்கே பேனா நின்றது. அவன் தலை நிமிர்ந்து பெண்கள் பக்கம் பார்த்தான். நேசபாய் லேஸ் பின்னுகிற விரலால் காற்றில் ஒரே ஒரு சுழி சுழித்து மேலே ஒரு புள்ளி வைத்தாள். அவன் குனிந்து மூன்றாவதையும் வரைந்து, புள்ளியை மட்டும் இரண்டு தடவை அழுத்தி வைத்தான்.

இப்போதும் அவன் சக்கரம் கயிற்றில்தான் ஓடுகிறது. கிழக்குச் சுவர் தோளளவு வந்திருக்கிறது. அக்காளின் நோட்டில் ஐம்பதாவது வரியில், எண் முப்பத்தேழு, காகம் என்று எழுதியிருக்கிறது. கொடுத்தது என்ன என்ற இடத்தில் ரூபாயைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் அவள் எழுதியிருப்பது: தம்பி ஆபேல் கையெழுத்து வைத்தது, 1935-ம் வருடம் பிப்ரவரி மாதம் 25-ந்தேதி, திங்கட்கிழமை.